காதுக்குத் தெரியும் தெரு

திருவாரூர் கமலாலயக் குளத்தை அறிந்தவர்களுக்குத் தண்டியடிகளின் கதையும் தெரிந்திருக்கும். பிறவியிலேயே கண் தெரியாதவர் அவர். தூர்ந்து சுருங்கிக் கிடந்த குளத்தைத் தாமே தோண்டிப் பெருக்க முனைந்தார் என்கிறது பெரியபுராணம். எப்படித் தோண்டினார் என்பதையும் சேக்கிழார் சொல்லத் தவறவில்லை. குளத்துக்குள் ஒரு கம்பு நட்டார், கரையில் ஒரு கம்பு நட்டார், இரண்டையும் சேர்த்துக் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளினார். அதே கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார்.

நாயன்மார் கதையாகக் கேட்டு வளர்ந்த இந்தச் செய்திக்குள் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. வழி தவறாமல் போய்வரத் தேவையான ஏற்பாட்டை அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தாமே செய்துகொண்டார். அந்த ஏற்பாட்டின் எல்லையும் கதையிலேயே இருக்கிறது. இரண்டு கம்புகளுக்கு நடுவே மட்டும்தான் கயிறு வழி சொல்லும். கமலாலயம் ஐந்து வேலி என்பது ஊர்ப் பேச்சு. ஏறக்குறைய 33 ஏக்கர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, குறுக்கே புகுந்து வடகரைக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் கயிற்றுக்குத் தெரியாது.

கணினிக்குள் கட்டப்படும் உலகங்களைப் பார்வையற்றோருக்குத் திறந்துவிட முயலும் ஆராய்ச்சியாளர்கள் சுமார் முப்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடும் கயிறு ஒன்று போதுமா? கயிற்றை விட்டுவிட்டு, தம் விருப்பம்போல் அலைந்து இடத்தை அறிந்துகொள்ள வழி வேண்டாமா? அலைந்தால்தான் இடம் பிடிபடும் என்பதை அவர்களுடைய சோதனைகள் காட்டியிருக்கின்றன. அப்படி அலைவதற்குத் துணை, ஒலி.

மெய்நிகர் உலகம் என்றதும் தலையில் மாட்டும் கருவியும் துப்பாக்கி விளையாட்டும்தான் பலருக்கு நினைவு வரும். இன்றைக்கு அது எவ்வளவோ பரந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலை 360 பாகைப் படங்களாக வீட்டில் உட்கார்ந்தே சுற்றிவரலாம். மருத்துவ மாணவர்கள் அறுவைச் சிகிச்சையையும் விமானிகள் விமானம் ஓட்டுவதையும் அதற்குள் பழகுகிறார்கள். வெவ்வேறு தேசங்களில் இருக்கும் நண்பர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் கூடிப் பேசுகிறார்கள். இவை எல்லாமே பெரும்பாலும் கண்ணுக்கென்று செய்யப்பட்டவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு இந்த வாசல் இன்னும் பெருமளவு சாத்தியே கிடக்கிறது.

திரைவாசிப்பான்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் என்விடிஏ. இதில் என்விடிஏ மென்பொருளை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர் அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது. திரைவாசிப்பான் எழுத்தை வாசிக்கும், பொத்தானின் பெயரைச் சொல்லும், ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குப் போகும். முப்பரிமாண உலகத்தில் வாசிக்க வரிசை எதுவும் இல்லை. தூண் இடப்பக்கம் இருக்கிறது, படி எதிரே இருக்கிறது, யாரோ பின்னாலிருந்து வருகிறார். எல்லாம் ஒரே நேரத்தில்.

இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. அந்தத் தூணும் படியும் எங்கே இருக்கின்றன என்பது கணினிக்குத் துல்லியமாகத் தெரியும். யூனிட்டி, அன்ரியல் போன்ற மென்பொருள்களில் உலகத்தைக் கட்டும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஓர் அளவு, ஒரு பெயர் கொடுத்துத்தான் கட்டுகிறார்கள். திரைக்கு வரும்போது அத்தனையும் வெறும் வண்ணப் புள்ளிகளாகிவிடுகின்றன. திரைவாசிப்பானுக்குத் தெரிவது பெயரில்லாத ஒரு சதுரம் மட்டுமே. கையில் இருக்கும் தகவலைக் காதுக்குக் கொண்டுபோக யாரும் பாதை போடவில்லை.

காது இடத்தை எப்படி அறிகிறது என்பதிலிருந்து அந்தப் பாதை தொடங்குகிறது.

வீதியில் நிற்கும் ஒருவருக்கு வலப்பக்கத்திலிருந்து நாகசுரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி முதலில் வலக்காதைத் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதுக்குப் போக அதற்குக் கொஞ்சம் நேரமாகும். கொஞ்சம் என்றால், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்தால், அதில் முக்கால்கூட வராது. நேர் எதிரே இருக்கும் ஒலி ஒரே ஒரு பாகை நகர்ந்தாலும் பழகிய காது கண்டுகொள்ளும். அப்போது இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசம் விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கு. கூடவே இன்னொரு குறிப்பும் கிடைக்கிறது. கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளைத் தலை மறைத்துவிடுவதால் தூரத்துக் காதில் அவை மங்கிக் கேட்கும். தாழ்ந்த சுருதிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த சுருதிக்கு இந்த மறைப்பு என்று இரண்டையும் பிரித்து விளக்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. ஆண்டு 1907.

இடம் வலம் இப்படித் தெரிந்துவிடும். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, முன்னாலா பின்னாலா என்பதற்கு இந்த இரண்டு குறிப்பும் உதவாது. அங்கேதான் காது மடலின் மடிப்புகள் வேலை செய்கின்றன. எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப ஒலியின் சில அதிர்வெண்களை அவை கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். அந்தச் சாயலை மூளை குழந்தைப் பருவத்திலிருந்தே படித்து வைத்திருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில், காது மடல் பொருத்திய கெமார் என்ற பொம்மையை நிறுத்தி, 710 திசைகளிலிருந்து ஒலி அனுப்பி இந்தச் சாயலை அளந்தார்கள். 2001இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் கெமார் பொம்மையின் காதுகளையும் சேர்த்து 45 சோடிக் காதுகளை, ஒவ்வொன்றுக்கும் 1,250 திசைகளில் அளந்து வெளியிட்டது. இந்த அளவுகளை வைத்துக்கொண்டு எந்த ஒலியையும் பிசைந்து காதில் மாட்டும் கேட்பொறியில் விட்டால், அது தலைக்குள் கேட்காமல் வெளியே, குறிப்பிட்ட ஓரிடத்தில் கேட்கும்.

ஆனால் ஒருவரின் காது மடல்போல் இன்னொருவருக்கு இருப்பதில்லை. அடுத்தவர் காதுக்கு அளந்த ஒலியைக் கேட்டால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதாகத் தோன்றும். நாசாவின் எலிசபெத் வென்சல் குழு 1993இலேயே இதைக் காட்டியது. இதற்கு எளிய மருந்து தலையைத் திருப்புவது. தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பும்போது முன்னால் உள்ள ஒலி இடக்காதுப் பக்கம் நகரும், பின்னால் உள்ளது வலக்காதுப் பக்கம் நகரும். உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940இல் எழுதிய உண்மை இது. தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவி பார்வையற்றவருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவியில் திரை அவருக்குப் பயன்படாமல் போகலாம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நொடிக்குப் பலமுறை அளக்கும் உணரி அவருக்கு மிகவும் தேவை.

காது புதிதாகவும் கற்றுக்கொள்ளும். 1998இல் நெதர்லாந்தில், ஆய்வுக்கு முன்வந்தவர்களின் காது மடல் குழிவில் அச்சு வார்த்துப் பொருத்தி அதன் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். ஒலி மேலா கீழா என்ற உணர்வு அன்றே தடுமாறிப்போனது. சில வாரங்களில் அது திரும்பிவந்தது. அச்சைக் கழற்றிய பிறகு பழைய காதும் உடனே வேலை செய்தது.

இனி எதிரொலி. நேரே வரும் ஒலி, ஒலிக்கும் பொருளை மட்டும் காட்டும். சுவர், தூண், வாசல் ஆகியவை ஒலி எழுப்பாமல் சும்மா நிற்பவை. அவற்றைக் காட்டுவது எதிரொலிதான். 1940களின் தொடக்கம்வரை பார்வையற்றோர் பலர், சுவரை நெருங்கும்போது முகத்தில் ஏதோ படுவதுபோல் உணர்வதாகச் சொல்லிவந்தார்கள். முகத்துத் தோலுக்குத் தனி உணர்வு இருப்பதாகவே அறிஞர்களும் எண்ணினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சூபா, மில்டன் காட்சின், கார்ல் டாலன்பாக் ஆகியோர் இதைச் சோதித்து 1944இல் வெளியிட்டார்கள். சூபாவே பார்வையற்றவர். முகத்தை மூடினாலும் நடப்பவர்கள் சுவரை அறிந்தார்கள். காதை அடைத்ததும் சுவரில் மோதினார்கள். அத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. கேட்பவரைத் தனியறையில் உட்கார வைத்து, கூடத்தில் வேறொருவரை நடக்கவிட்டு, அவருடைய காலடி ஓசையை ஒலிவாங்கி வழியாகத் தொலைபேசியில் கேட்கச் செய்தார்கள். உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே, நடப்பவர் சுவரை நெருங்குகிறார் என்று கேட்பவரால் சொல்ல முடிந்தது. கணினி வீட்டுக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, ஒருவர் தாம் இல்லாத இடத்தில் காதால் நடந்திருக்கிறார். மெய்நிகர் உலகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

குழந்தையாக இருக்கும்போதே புற்றுநோயால் கண்களை இழந்த அமெரிக்கர் டேனியல் கிஷ், நாக்கைச் சொடுக்கி அதன் எதிரொலியைக் கேட்டுச் சைக்கிள் ஓட்டுகிறார், மற்றவர்களுக்கும் அதைக் கற்றுத்தருகிறார். இப்படிச் சொடுக்கி அறியும் இருவரின் காதுக்குள் ஒலிவாங்கி வைத்து எதிரொலியைப் பதிவுசெய்து, பிறகு மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் அவர்களைப் படுக்கவைத்து அதையே போட்டுக்காட்டினார் லோர் தேலர். பார்வைக்கென்று இருக்கும் மூளைப்பகுதி அந்த எதிரொலிக்கு வேலை செய்தது. 2011இல் வெளிவந்த ஆய்வு அது.

இதைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். நடு அச்சில், நந்திக்கு முன்னால் நின்று ஒருவர் கை தட்டினால், பக்கத்துத் திருச்சுற்று மாளிகை வரை ஒலி 60 மீட்டர் போய் 60 மீட்டர் திரும்ப வேண்டும். தஞ்சை வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். மூன்றில் ஒரு விநாடி கழித்து எதிரொலி வரும். ராஜராஜன் திருவாசலுக்குள் நிற்கும்போது இரு பக்கமும் நெருக்கமான கல். தட்டிய மறுகணமே ஒலி திரும்பிவிடும். வாசலைத் தாண்டியதும் ஒலி சட்டென்று விரிந்து கலைந்துபோகும். மகாமண்டபத்துக்குள் நுழைந்தால் மறுபடி கனத்து, பேச்சு முடிந்த பிறகும் சற்று நீடிக்கும். நெருக்கம், விரிவு, மறுபடி நெருக்கம் என்று கட்டடக்கலை செய்திருக்கும் வேலை அத்தனையும் காதுக்கும் கேட்கிறது. கோயிலுக்கு வெளியே போய், நாற்று நட்ட வயல் வரப்பில் நின்று கை தட்டினால் எதுவும் திரும்பி வராது. ஊருக்குள் வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவில் தட்டினால் இரண்டு சுவரும் பதில் சொல்லும். வயலும் தெருவும் கோயிலும் காதுக்கு வெவ்வேறு இடங்கள். காவிரிக்கரையில் திருவானைக்காவில் பிறந்த சி.வி. ராமன், ஒளியில் புகழ்பெறும் முன்னர் மிருதங்கத்தின் அதிர்வையும் பீஜப்பூர் கோல்கும்பாஸ் மாடத்தில் கிசுகிசுப்பு சுற்றிவரும் விதத்தையும் ஆராய்ந்தவர். கட்டடத்தைக் காதால் படிப்பது நமக்குப் புதிய துறை அல்ல.

கண் போனவர்களுக்குக் காது இயல்பாகவே கூர்மையாகிவிடும் என்று நாம் சொல்லிக்கொள்வதை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறவியிலோ மிகச் சிறு வயதிலோ பார்வை இழந்த சிலர், ஒரே காதால்கூட ஒலியின் இடத்தைச் சரியாகச் சொல்கிறார்கள் என்று 1998இல் கனடாவில் ஓர் ஆய்வு காட்டியது உண்மை. இரைச்சலுக்கு நடுவே ஒலி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது போன்ற வேறு வேலைகளில் அவர்கள் பின்தங்கியதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூர்மை பயிற்சியால் வருகிறது. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். கர்நாடக இசைக் கச்சேரியில் புல்லாங்குழலுக்குத் தனி இடம் வாங்கிக் கொடுத்தவர். அவருடைய காதைக் கடவுள் கொடுத்த ஈடு என்று சொல்லிவிட்டால் அவருடைய உழைப்பு மறைந்துபோகும். அதைவிடப் பெரிய கேடு, பார்வையற்ற பிள்ளைக்குப் பாட்டு போதும் என்று நாம் நிறுத்திக்கொள்வது. வரைபடம், கட்டடம், விளையாட்டு ஆகியவை அந்தப் பிள்ளைக்கும் வேண்டும்.

சிலியில் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். சிலிப் பல்கலைக்கழகத்தின் ஹைமே சான்செஸ், மௌரிசியோ லும்ப்ரெராஸ் இருவரும் 1990களின் பின்பகுதியில் ஆடியோடூம் என்ற விளையாட்டைச் செய்தார்கள். அதில் படமே கிடையாது. நடைகூடங்கள், கதவுகள், எதிர்ப்படும் உருவங்கள் எல்லாம் ஒலிதான். பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகள் விளையாடி முடித்ததும் அவர்கள் கையில் லீகோ கட்டைகளைக் கொடுத்து, போய்வந்த இடத்தைக் கட்டிக் காட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் கட்டினார்கள். எந்தக் கூடம் எங்கே திரும்புகிறது, எந்தப் பக்கம் கதவு என்பதெல்லாம் கட்டைகளில் வந்தது. ஒலியை மட்டும் கேட்டு மனத்துக்குள் ஒரு வரைபடம் உருவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அந்த வரைபடம் நிஜக் கட்டடத்தில் உதவுமா? இதற்கு விடை தேடியவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் லோட்ஃபி மெராபெட். சான்செஸும் அவரோடு சேர்ந்துகொண்டார். அமெரிக்காவில் நியூட்டன் நகரில் பார்வையற்றோருக்கான கேரல் மையம் இருக்கிறது. அதன் ஒரு கட்டடத்தை அப்படியே கணினிக்குள் ஒலியால் கட்டினார்கள். விசையை அழுத்தினால் ஓர் அடி முன்னே போகலாம், காலடி கேட்கும். இடப்பக்கம் கதவு இருந்தால் இடக்காதில் தட்டும் ஓசை வரும். எந்தத் திசையை நோக்கி நிற்கிறோம், எந்த அறைக்குள் இருக்கிறோம் என்று குரல் சொல்லும்.

பங்கேற்ற பார்வையற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடனிருப்பவர் வழிகளை முறையாகக் கற்றுக்கொடுத்தார்: இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு இப்படிப் போக வேண்டும். மற்றவர்களுக்கு எந்த வழியும் சொல்லவில்லை. கட்டடத்துக்குள் ஒளித்துவைத்த நகைகளைத் தேடி எடுத்து வெளியே கொண்டுவர வேண்டும். உள்ளே அலையும் பூதங்கள் நகையைப் பறித்து வேறெங்காவது ஒளித்துவிடும். அவர்கள் விளையாடினார்கள், அவ்வளவுதான். பிறகு எல்லோரையும் நிஜக் கட்டடத்துக்கு அழைத்துப்போனார்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகச் சொன்னபோது இரு பிரிவினருமே நன்றாகப் போனார்கள். அடுத்த சோதனையில் வித்தியாசம் தெரிந்தது. ஏதோ ஓர் அறையில் கொண்டுபோய் விட்டு, இங்கிருந்து மிகக் குறுகிய வழியில் வெளியேறுங்கள் என்றார்கள். அதில் முந்தியவர்கள் விளையாடியவர்கள். 2012இல் வெளியான இந்த ஆய்வுதான் கயிறு பற்றிய கேள்விக்குக் கிடைத்த நேரடி விடை. வழியைக் கற்றவருக்கு வழி தெரிந்தது. துரத்தப்பட்டும் தேடியும் திசைமாறியும் அலைந்தவருக்கு இடமே தெரிந்தது.

ஒலியால் உலகம் கட்டுகிறவர்கள் முன்னால் அடுத்து நிற்பது குறியீட்டுக் கேள்வி. எந்தப் பொருளுக்கு எந்த ஒலி? இரண்டு வழிகள் உண்டு. தண்ணீருக்குத் தண்ணீர் ஓசை, கதவுக்குக் கீல் ஓசை என்று இயல்பான ஒலியையே வைப்பது ஒன்று. 1980களில் வில்லியம் கேவர் பரிந்துரைத்தது. ஒரு சிறு இசைத்துணுக்குக்கு ஒரு பொருளை ஒதுக்கிப் பழக்குவது மற்றொன்று. 1989இல் மீரா பிளாட்னரும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது. இந்த இரண்டாவது வழியைக் காவிரி டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நாகசுரத்தில் மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பட்டாகிவிட்டது. தேருக்கு ஒரு மல்லாரி, நைவேத்தியம் கொண்டுவர ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று. புறப்பாட்டில் இன்ன இடத்தில் இன்ன ராகம் என்று முறை வைத்திருந்த கோயில்கள் உண்டு. வீட்டுக்குள் இருப்பவருக்கு ஊர்வலம் எங்கே வந்திருக்கிறது என்பது ராகத்திலேயே தெரியும். கண்ணை எதிர்பார்க்காத ஒரு தகவல் முறையைத் தவிலும் நாகசுரமும் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்திருக்கின்றன.

ஒலியை அள்ளிக் கொட்டினால் காரியம் கெடும். கண் ஒரே பார்வையில் நூறு பொருளை வாங்கிக்கொண்டு வேண்டாததை ஒதுக்கும். காதில் பத்து ஒலிகள் சேர்ந்து விழுந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஆகவே எதைச் சொல்வது என்பதைவிட எதைக் கேட்டால் மட்டும் சொல்வது என்பதே இப்போது ஆராய்ச்சியின் மையம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்மித் குழு செய்த நேவ்ஸ்டிக் என்ற கருவியில், விளையாட்டுக் கைப்பிடியின் குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் குரல் சொல்லும். பார்வையுள்ளவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஈடான உரிமை அது. அதே ஸ்மித், கணினிப் பார்வை அறிஞர் ஸ்ரீ நாயருடன் சேர்ந்து 2018இல் கார்ப் பந்தயத்துக்கு ஓர் ஒலி முறை செய்தார். வண்டியின் வேகமும் போக்கும் ஒரு தொடர் ஒலியாகக் கேட்கும், வளைவு வரும் முன்னர் எச்சரிக்கை கேட்கும். எப்போது திருப்புவது என்பதை ஓட்டுகிறவரே முடிவெடுப்பார். மென்பொருள் அவருக்காகத் திருப்பிவிடாது. உதவி எங்கே முடிய வேண்டும் என்பதை இந்த வடிவமைப்பு அழகாகச் சொல்கிறது.

பெரிய நிறுவனங்களும் அசைந்திருக்கின்றன. 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள் இருந்தன. பார்வையற்றவர்கள் அதைத் தாமே விளையாடி முடித்தார்கள். 2023இல் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் பந்தயத்தில் பார்வையற்ற ஓட்டுநர்களுக்கான ஒலி உதவிகள் வந்தன. அதை உருவாக்கியபோது பார்வையற்ற ஆலோசகர் பிரான்டன் கோல் குழுவோடு இருந்தார். கூடிப்பேசும் மெய்நிகர் இடங்களுக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2022இல் விஆர்பபிள் என்ற முறையை வெளியிட்டது. யார் அருகில் வந்தார், யார் பேசும் தூரத்தில் நிற்கிறார் என்பதை அது ஒலியால் தெரிவிக்கும். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் மனோகர் சுவாமிநாதன், பார்வையற்ற பிள்ளைகளுக்கு விளையாட்டையே கல்வியாக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறார். டெல்லி ஐஐடியின் ஸ்மார்ட்கேன் கோல், மீயொலியை அனுப்பி முழங்காலிலிருந்து தலை உயரம் வரை உள்ள தடைகளை அதிர்வால் சொல்லும். 2014இல் வெளிவந்த அந்தக் கோலைத் தயாரித்தது சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

ஆக, அறிவியல் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. தமிழில் நடந்து திரியத்தக்க ஒலி உலகம்தான் இல்லை. தொடங்குவதற்குப் பெரிய கோயிலைவிட நல்ல இடம் எது? இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் பலூன்களை வெடித்து அந்த ஓசையைப் பதிவுசெய்து, பதினொரு விநாடி அளவுக்கு நீளும் அதன் முழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் ஒலியைப் பிரையன் காட்ஸ் குழு 2013இல் அளந்து வைத்திருந்தது. 2019இல் தீப்பிடித்தபின், பழைய தேவாலயம் எப்படி ஒலித்தது என்பதற்கு அந்தப் பதிவே ஆதாரமாயிற்று. தொல்லியல் துறையின் அனுமதியோடு பெரிய கோயிலையும் அதன் வாசல், திருச்சுற்று, மண்டபம் என்று ஒவ்வோர் இடமாக அளக்கலாம். பெயர்களுக்கும் பஞ்சமில்லை. ராஜராஜன் கல்வெட்டு கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவை, வீட்டு வாசல் வாசலாகப் பெயர் சொல்லிக் காதுக்குக் கட்டித்தர இதைவிட வேறென்ன ஆவணம் வேண்டும்?

இதைச் செய்யத் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சாஸ்திரா இருக்கிறது, பக்கத்துத் திருச்சியில் என்ஐடி இருக்கிறது. தஞ்சாவூரிலேயே பார்வைத் திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியும் இருக்கிறது. அந்தப் பள்ளியின் பிள்ளைகளை முடிந்துபோன பொருளைச் சோதிக்க மட்டும் கூப்பிடக் கூடாது. முதல் நாளிலிருந்தே அவர்களைத் திட்டக் குழுவில் சேர்க்க வேண்டும். பெரியவர்களானால் அவர்கள் வேலைக்குச் சம்பளமும் தர வேண்டும். பார்வையுள்ள பொறியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பார்ப்பதால் அவருக்குத் தெரியவருவது தம்முடைய தடுமாற்றம்தான். பல்லாண்டுகளாகக் காதால் நடப்பவரின் அறிவு அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. எனவே இனிமேல் ஒரு கோயிலுக்கோ அருங்காட்சியகத்துக்கோ பாடநூலுக்கோ மெய்நிகர்ச் சுற்றுலா செய்ய அரசுப் பணம் ஒதுக்கப்படும்போது, ஒப்பந்தப்புள்ளியிலேயே ஒரு நிபந்தனை சேர வேண்டும்: ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒலியால் மட்டும் அதற்குள் சுற்றிவர முடிய வேண்டும், பார்வையற்ற பயனர் ஒருவர் சுற்றிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பணம் கொடுக்கப்பட வேண்டும்.